அஜாக்ஸ் விடையும் அளவறிதலும்

ஒரு மரக்கால் விதைநெல் கேட்டவன் வாயிலுக்குப் பத்தாயத்தையே பெயர்த்தனுப்பும் மிராசுதாரரை நம் வலங்கைமான் பக்கத்தில் எவரும் கண்டிலர். இணையத்திலோ இஃது நாடோறும் நிகழ்கின்றது.

அஜாக்ஸ் என்பது, திரையிலுள்ள பக்கம் முழுவதையும் மீண்டும் வரவழையாமல், வேண்டிய பகுதியை மட்டும் வழங்கியிடம் கேட்டுப் பெறும் முறையாகும். 2005ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பார் இதற்கு இப்பெயரிட்டார். சிறிது கேட்டுச் சிறிது பெறுவதே இதன் பயன். அப்பயன் கெடுமாற்றையும், அதனைக் காக்குமாற்றையும், பைதான் மொழியில் அமைந்த ஜாங்கோ என்னும் வலைச்சட்டகத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வட்டத்தின் பெயரைத் தேர்ந்தவுடன் அதன் ஊர்ப்பெயர்கள் தோன்றவேண்டிய ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கருதுக. ஊரின் பெயரும் எண்ணுமே அங்கு வேண்டுவன. நிரல் எழுதுவோன் அயர்ந்தால், தரவுத்தளத்தில் அவ்வூர்பற்றி உள்ள யாவும் உடன் செல்லும். இது முதற்பிழை. ‘வேல்யூஸ்’ என்னும் கட்டளையால் வேண்டிய பத்திகளை மட்டும் பெயர்சுட்டிக் கேட்டலும், நீண்ட பட்டியலைப் ‘பேஜினேட்டர்’ கொண்டு பக்கம் பக்கமாகப் பகுத்தலும் இதற்கு மருந்தாம்.

இரண்டாம் பிழை தமிழ் முதலிய மொழிகளையே தாக்குவது. வலங்கைமான் என்பதை இலக்கணம் பயின்ற நாம் 6 எழுத்து என்போம். யூனிகோடோ புள்ளி, துணைக்கால், ஐகாரக்குறி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணி 10 குறிகள் என்னும். யூ.டி.எப்.-8 முறையில், குறி ஒன்றுக்கு 3 பைட்டாக, அவை 30 பைட்டு ஆகும். ஜாங்கோவின் ‘ஜேசான் ரெஸ்பான்ஸ்’, ஆஸ்கி என்னும் ஆங்கிலக் குறித்தொகுதியில் அடங்காத எழுத்துகளை, நாம் தடுத்தாலன்றி, வேற்றுருவில் எழுதும். அப்பொழுது ஒவ்வொரு குறியும் ஒரு பின்சாய்கோடு, ஓர் ஆங்கில எழுத்து, 4 பதினறும இலக்கங்கள் என 6 பைட்டாய் நீள, நம் ஊர்ப்பெயர் 60 பைட்டு ஆகிவிடும். அதனையே ஆங்கிலத்தில் எழுதின் 11 பைட்டே போதும்! ‘என்ஷ்யூர் ஆஸ்கி’ என்னும் அமைப்பைப் ‘பால்ஸ்’ எனக் கொடுப்பின் 60 மீண்டும் 30 ஆகும்.

நிற்க. ஜிசிப் என்னும் சுருக்குமுறை இருக்க இத்துணைப் பாடு எதற்கு என்பாரும் உளர். திரும்பத்திரும்ப வருவனவற்றை அது நன்கு சுருக்கும் என்பது மெய்யே. தமிழ்க் குறிகளின் வேற்றுருக்கள் ஒரே தொடக்கமுடையன ஆதலின் அங்கும் அது பெரிதும் உதவும். எனினும் அது வழிச்சுமையைக் குறைக்குமேயன்றி வேலையைக் குறையாது. வழங்கி யாவற்றையும் தரவுத்தளத்தினின்று எடுத்தே தீரவேண்டும். கைப்பேசியும் சுருக்கை விரித்து முழுவதையும் படித்தே தீரவேண்டும். பதரைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் அது நெல்லாகிவிடுமோ? ஆதலின் முதலில் களைக, பின்னர்ச் சுருக்குக.

ஒவ்வொரு விடையின் அளவையும் உலாவியின் ‘நெட்வொர்க்’ பகுதியில் எவரும் காணலாம். அலை மெலிந்த சிற்றூரில் பழைய கைப்பேசியுடன் ஒருவர் காத்திருக்கின்றார். தமிழிற் படிக்க விரும்பியதற்காக அவர் மிகைக்கூலி கொடுத்தல் தகாது. ஏடு பதிப்பித்தல் தமிழ்த்தொண்டாயின், வேண்டாத பைட்டைக் களைதலும் அத்தொண்டின் ஒரு கூறேயாம்.