கிளினிக் புத்தகத்தில் ஏறாத கஷாயம்

மலாக்காவின் பாயா ரும்புட் வட்டாரத்துத் தாமான்களில் தமிழர் வீட்டு வாசலைச் செடிகளே காட்டிக்கொடுத்துவிடும். கறிவேப்பிலை, துளசி, முருங்கை, கற்பூரவள்ளி. இவற்றோடு வேலியோரத்தில் வருஷம் முழுக்கப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி. சாமிக்குப் பூ என்பது அதன் ஒரு பயன். ‘இனிப்புநீருக்கு நல்லது’ என்று பாட்டி சொன்னதை நம்பிப் பூவையும் இலையையும் கொதிக்கவைத்து வெறும் வயிற்றில் குடிப்பது இன்னொரு பயன்.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறை போனது. உள்ளே 25 நித்தியகல்யாணி இலைகள். அங்குள்ளவர்கள் இனிப்புநீருக்கு இதைத் தேநீராகப் போட்டுக் குடிக்கிறார்கள் என்ற செய்தியும் கூடவே போனது. உறையைப் பெற்றவர் கிளார்க் நோபிள் என்ற மருத்துவர். இன்சுலின் ஆராய்ச்சியில் பான்டிங்குக்கு முதலில் யார் துணை நிற்பது என்று 1921இல் காசு சுண்டிப் பார்த்ததில் தோற்றவர் இவர்தான். இலைகளைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். தம்பி எலிகளுக்குச் சாற்றைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசி வழியே செலுத்தியபோது எலிகள் கிருமித் தொற்றில் மடிந்தன. காரணத்தைத் தேடியபோதுதான் இரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருப்பது தெரிந்தது. வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது மருந்தாகுமே என்று யோசித்தார்கள். சார்ல்ஸ் பியர் என்ற வேதியியலாளரின் துணையோடு 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து பிறந்தது. அதே செடி தந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் இன்றியமையாதது.

பாட்டி சொன்னது தவறா, சரியா? இரண்டும்தான். செடியில் வீரியம் இருந்தது, ஆனால் அவர் சொன்ன நோய்க்கு அல்ல. வேலியோரத்தில் பறிக்கிற இலையில் அந்தச் சேர்மங்கள் மிகச் சொற்பமாகவே இருக்கும். இருந்தாலும் தினமும் குடிப்பவருக்குத் தாம் குடிப்பது வெறும் பூத்தண்ணீர் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். அதைவிட, அவருடைய டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. ‘ஒருங்கிணைந்த மருத்துவம்’, ‘முழு மனித நலம்’ என்று உலகமே பேசும் இந்தக் காலத்தில், மலாக்கா மாநிலத்துத் தமிழ் வீடுகளில் நடக்கும் உண்மையான ஒருங்கிணைப்பு இப்படித்தான் இருக்கிறது: காலையில் கஷாயம், சாப்பாட்டுக்குப் பின் கிளினிக் மாத்திரை, இரண்டும் சேரும் இடம் நோயாளியின் வயிறு. காகிதத்தில் அவை சேர்வதே இல்லை.

இந்தப் பழக்கம் தோட்டத்துக் காலத்தது. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் நடப்பட்டதே மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் தொடங்கிவைத்தார். அவருடைய புக்கிட் அசஹான் தோட்டம் பிறகு வந்தது. பால்மரத்தோடு லயம் வந்தது, லயத்தோடு தோட்டத்து ஆஸ்பத்திரியும் அங்கே ‘டிரஸ்ஸர்’ ஐயாவும் வந்தார்கள். காய்ச்சலுக்குக் கொய்னா, காயத்துக்குக் கட்டு. டிரஸ்ஸரைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் லயத்துக் கிழவிதான்: பிள்ளைப்பேற்றுப் பத்தியம், மாந்தம், மஞ்சள் காமாலை, கைகால் குடைச்சல். டிரஸ்ஸரிடம் கிழவியின் மருந்தைப் பற்றிச் சொன்னால் ஏச்சு விழும். கிழவியிடம் டிரஸ்ஸரின் மாத்திரையைச் சொன்னால் முகம் சுளிப்பார். இரு பக்கமும் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று ஒரு தலைமுறை கற்றது. தோட்டங்கள் செம்பனையாகி, தாமான்களாகிப் போன பின்னும் அந்த மரியாதை அப்படியே வீடு மாறி வந்திருக்கிறது.

“டாக்டர்கிட்ட சொல்லாதீங்க அக்கா, ஏசுவாரு” என்பது மருந்துக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனை.

அக்காவின் இனிப்புநீர் சின்ன நோயும் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். சிலாங்கூரில் அரசு கிளினிக்குக்கு வரும் நீரிழிவுக்காரர்களிடம் எடுத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் ஆறு பேர் வேறு ஏதோ ஒரு வைத்தியத்தையும் சேர்த்துச் செய்துவந்தார்கள். நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் போனது நீரிழிவால். மூலிகையையும் சிறுநீரகத்தையும் ஒன்றாக யோசிக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். பாவக்காய்க்கு நடந்திருக்கிறது. அதைச் செய்ததே மலேசிய ஆய்வாளர்கள். உலகெங்கும் நடந்த பாவக்காய்ப் பரிசோதனைகளைத் திரட்டி அவர்கள் எழுதிய காக்ரேன் மதிப்பாய்வு 2012இல் புதுப்பிக்கப்பட்டது. தேறியவை நான்கே பரிசோதனைகள், கலந்துகொண்டவர்கள் மொத்தம் 479 பேர், எதுவும் மூன்று மாதத்துக்கு மேல் நீளவில்லை. பாவக்காய் சர்க்கரையைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. பொரியலாகச் சாப்பிட யாருக்கும் தடையில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதன் சாற்றை நம்புகிறவர்தான் சிக்கலில் இருக்கிறார்.

நாட்டு மருந்து என்றாலே பொய் என்பாருக்கும் இங்கே பதில் உண்டு. கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மினே ஐரோப்பியக் கிராமங்களில் வளர்ந்த ஒரு செடியின் வழித்தோன்றல்தான். கலேகா அஃபிசினாலிஸ் என்பது அதன் பெயர். அந்தச் செடியின் சேர்மத்தைத் திருத்தி, அளந்து, 1957இல் பாரிசில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். நம் பக்கத்துச் சர்ப்பகந்தி வேரும் இப்படித்தான் இரத்த அழுத்த மருந்தானது. பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் எழுதிய கட்டுரை அதை உலகுக்குக் கொண்டுபோனது. யார் குடித்தார்கள், எவ்வளவு, எத்தனை நாள், என்ன ஆயிற்று என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியதுதான் இரண்டிலும் திருப்பம்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரசெல்ஸ் நகரத்தைப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிய ஒரு கிளினிக்குக்குப் போன பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் பழுதானது. மருத்துவர்கள் தேடியபோது, மெலிவு மருந்தில் சேர்த்த ஒரு சீன வேருக்குப் பதிலாகப் பெயரில் ஒத்த வேறொரு வேர் கலந்திருந்தது தெரிந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் குற்றவாளி. 1993இல் செய்தி வெளியானது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இந்தக் குடும்பத்து மூலிகைகளை உலகப் புற்றுநோய் ஆய்வு முகாமை 2002இல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் வைத்தது.

பிரசெல்ஸ் நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம்தான். பூச்சிக்கடிக்கும் வயிற்றுப் புழுவுக்கும் தமிழ் வைத்தியம் காலங்காலமாகச் சொல்லிவரும் பெயர்கள் அவை.

சீந்தில் கதை இன்னும் பக்கத்தில் நடக்கிறது. ஊரிலிருந்து வந்த தலைமுறை இங்கே காட்டோரத்தில் ஒரு கசப்புக் கொடியைக் கண்டது. மலாய்க்காரர்கள் அதைப் பத்தாவாலி என்பார்கள், இனிப்புநீருக்கு அவர்களும் குடிப்பார்கள். இலை சீந்திலைப் போலவே இதய வடிவம், தண்டில் மட்டும் மொட்டு மொட்டாகக் கொப்புளம். சீந்திலும் பத்தாவாலியும் ஒரே பேரினத்தின் இரண்டு வெவ்வேறு இனங்கள். பத்தாவாலியைக் கல்லீரல் பாதிப்போடு தொடர்புபடுத்தும் மருத்துவக் குறிப்புகள் உண்டு. 2021இல், கொரோனா காலத்தில் சீந்தில் குடித்ததாகச் சொன்னவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது சீந்திலே அல்ல, பத்தாவாலி மாறிப் போயிருக்கும் என்றது மறுதரப்பு. எது உண்மையென்று தீர்க்க வழி, நோயாளி குடித்த கொடியின் ஒரு துண்டு. அதை யாரும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை.

மலேசியாவில் சட்டம் தூங்கவில்லை. பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இல் வந்தது. இந்தியப் பாரம்பரிய மருத்துவமும் அதன் அங்கீகாரத்துக்குள் வருகிறது, சித்த வைத்தியர் பதிவு பெற்றுத் தொழில் செய்யலாம். அதற்கு முன்பே, 2007இல், பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் அக்குபங்சரும் மலாய் உருவுதலும் அரசுக் கூரையின் கீழ் வந்துவிட்டன. கடையில் விற்கும் பாரம்பரிய மருந்துக்கு ‘மால்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் பதிவெண் இருக்க வேண்டும். ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கும், பாதரசம் அரை மில்லிகிராமுக்கும் மேல் போகக்கூடாது. இந்த வரம்புக்குள் சித்த வைத்தியத்தின் பாதரசச் செந்தூரங்கள் நுழையவே முடியாது.

ஒரு வேடிக்கை. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு உள்ளிட்ட 20 நோய்களுக்குக் குணம் தருவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. நல்ல சட்டம்தான். விளைவு, பொட்டலத்தில் ‘உடல் நலத்துக்கு’ என்று மட்டும் அச்சாகிறது. மீதியைக் கல்லாவில் இருப்பவரின் வாய் சொல்கிறது. எத்தனை பேர் எந்த நோய்க்கு எதை வாங்கினார்கள் என்ற விவரம், ஆராய்ச்சிக்கு மிக வேண்டிய அந்த விவரம், காற்றோடு போகிறது.

அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஒரு சிறு அலுவலகமாக ஆரம்பித்த மாற்று மருத்துவ ஆய்வு, 2014இல் ‘துணை, ஒருங்கிணைந்த நல’ ஆய்வு மையம் என்று பெயரை மாற்றிக்கொண்டது. இப்போது அதன் கவனம் உடல், மனம், உணவு, உறவு, சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்த முழு மனிதர் மேல். சித்த வைத்தியர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நாடி பிடிக்கும்போதே உறக்கம், மலம், மனக்கவலை எல்லாம் விசாரிப்பவர்கள் அவர்கள். ஆனால் விசாரித்ததை அடுத்தவர் படிக்கும்படி எழுதி வைத்த வைத்தியர் எத்தனை பேர்? தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவமே சான்று என்று அவர்கள் தரப்பில் சொல்கிறார்கள். வெளியே வரிசை நிற்கும்போது ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் எங்கே போவது என்பது டாக்டர்கள் தரப்பு. இரண்டும் நியாயம்தான், ஆனால் அரை மணி நேரம் யாரும் கேட்கவில்லை. ‘வேற என்ன குடிக்கிறீங்க அம்மா?’ என்று தமிழில் கேட்க ஐந்து விநாடி போதும். ஏச மாட்டார் என்ற நம்பிக்கை வந்தால், அதிமதுரக் கஷாயமும் இரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறும் கதை, மிசாய் கூச்சிங் மூலிகைத் தேநீரோடு போகும் சிறுநீர் மாத்திரை, தேங்காய் ஓட்டில் காய்ச்சிய எண்ணெய் எல்லாம் தானாக வெளியே வரும். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரிசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றும் என்பது நன்றாக நிறுவப்பட்ட ஒன்று. தொண்டைக்கு ஒரு துண்டு மெல்வதில் பயமில்லை. மாதக்கணக்கில் குடிக்கிறவரின் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகும் டாக்டர்தான் இருட்டில் நிற்கிறார்.

சொல்ல வழியும் இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவைப் பொதுமக்களே அரசுக்குத் தெரிவிக்க மலேசியாவில் ஒரு படிவம் உண்டு. பாரம்பரிய மருந்துக்கும் அது பொருந்தும். 1990இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் மலேசியா உறுப்பு நாடு. இங்கே பதிவாகும் புகார்கள் சுவீடனின் உப்சாலாவில் உள்ள உலகத் தொகுப்பில் போய்ச் சேரும். பாயா ரும்புட்டில் ஒருவருக்கு வந்த மஞ்சள் காமாலையும் மும்பையில் ஒருவருக்கு வந்ததும் ஒரே கொடியால் வந்தவையா என்று பார்க்கக்கூடிய இடம் அது. படிவத்தில் மருந்தின் பெயரைக் கேட்பார்கள். செய்தித்தாளில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, “காலையில ஒரு ஸ்பூன் போதும்கா” என்று கொடுத்த பொடிக்குப் பெயரும் கிடையாது, பதிவெண்ணும் கிடையாது.