கனவில் ஆறு விரல்கள்

பிரஸ் இறங்குகிறது. கை டையின் மேல் இருக்கிறது. இழுக்க முடியவில்லை. அலறிக்கொண்டு எழுவார் அந்தத் தொழிலாளி. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓட்டுபவர். பக்கத்து மெஷின்காரரின் இரண்டு விரல்கள் போன நாளிலிருந்து இதே கனவு.

1970களில் உருவான பீன்யாவில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை பார்ப்போர் ஏராளம். தர்மபுரிக்காரரான இவரும் அவர்களில் ஒருவர். பெயர் வேண்டாம் என்கிறார். கனவுக்குப் பயப்படுகிறவன் என்று ஷாப்பில் கேலி செய்வார்களாம்.

அறையில் உடன் தங்கியிருந்தவர் ஒரு யோசனை சொன்னார். பகலில் அடிக்கடி விரல்களை எண்ண வேண்டும், ‘இது கனவா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழக்கம் கனவிலும் தொடரும். ஆனால் கனவில் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். மூன்று வாரம் விடாமல் எண்ணினார். ஒரு ஞாயிறு விடிகாலை அதே பிரஸ், அதே கை. எண்ணினார். ஆறு! கனவுதான் என்று புரிந்த அந்தக் கணமே பிரஸ் பாதியில் நின்றது. சந்தோஷத்தில் விழிப்பும் வந்துவிட்டது. எல்லாம் சில விநாடிகள்தான்.

கற்றுக்குட்டிகள் பலருக்கும் நேர்வது இதுதான். பரபரப்பே கனவைக் கலைத்துவிடுகிறது. கனவுக்குள்ளேயே உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டால் சற்று நீடிக்கலாம் என்பது அனுபவசாலிகளின் உபாயம்.

‘லூசிட் டிரீம்’ எனப்படும் இதை விழிப்புக் கனவு எனலாம். 1913இல் டச்சு டாக்டர் ஃபிரடரிக் வான் ஈடன் இதைப் பற்றி எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. ஆதாரம் கிடைத்தது 1975இல். கனவு மிகுந்த தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்துவிடும். கண்கள் மட்டும் அசையும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்துப் பதிவு செய்தார். முன்பே பேசிவைத்தபடி கனவுக்குள்ளிருந்து வொர்ஸ்லி கண்களை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை காட்டினார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீஃபன் லபெர்ஜும் தனியாக இதையே நிரூபித்தார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, கனவு காண்பவர்களில் சிலர் கேட்ட கழித்தல் கணக்குக்கு விடையே சொன்னார்கள்.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளைக் குறைக்க இது உதவக்கூடும் என்று சிறிய ஆய்வுகள் சில காட்டுகின்றன. ஆனால் இது சர்வரோக நிவாரணி அல்ல. ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, சற்று விழித்திருந்து, மறுபடி படுப்பது பலர் கையாளும் முறை. நைட் ஷிப்ட்காரருக்கு அது ஆபத்து. தூக்கம் குறைந்த கண்களோடு பிரஸ் முன் உட்காருவது எந்தக் கெட்ட கனவையும்விட மோசம். அதனால் விடுமுறை நாளில் மட்டுமே இவர் முயல்கிறார். பயம் முற்றாகப் போய்விடவில்லை, அலறல் குறைந்திருக்கிறது.

இப்போதும் மெஷினைப் போடுமுன் விரல்களை எண்ணுகிறார். ஐந்து. அப்படியானால் இது நிஜம். கனவில் பிரஸ்ஸை நிறுத்த ஒரு நினைப்பு போதும். இங்கே அதற்குத் தடுப்பு வேண்டும். இரண்டு கைகளாலும் அழுத்தினால்தான் ஓடும் இரட்டைப் பொத்தான் வேண்டும்.