படத்துக்கு விட்ட இடம்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு 90 அடிக்கு மேல் நீளமான பாறைச் சிற்பம். அதன் யானைகள் ஏறக்குறைய நிஜ யானை அளவு. அதே பாறையின் கீழ்ப்பகுதியில், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசியில் இந்தச் சிற்பத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் திறந்தால், பாறை முழுவதும் இரண்டு விரல் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்து வரும் மானின் படமோ திரையை நிறைக்கிறது. படித்து முடிப்பவர் மனத்தில் யானை சிறியது, மான் பெரியது.

கட்டுரைக்குள் ஒரு படம் எவ்வளவு பெரிதாக வர வேண்டும், பக்கத்தில் எந்த ஓரமாக நிற்க வேண்டும், எழுத்துக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் அலங்கார வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எழுதிய விஷயத்தின் பாதி இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மாமல்லபுரம் அச்சேறிய வரலாற்றைப் பார்த்தாலே இது விளங்கும்.

தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792-93இல் தென்னாட்டைச் சுற்றி வந்தபோது மாமல்லபுரத்தையும் வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதிகளில் அந்த ஓவியங்கள் இருக்கின்றன. படங்கள் பெரிய பெரிய தாள்களில். விளக்கமோ தனியாக ஒரு சிறு புத்தகத்தில். பாபிங்டன் என்பவர் 1830இல் மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி வெளியிட்ட கட்டுரைக்கும் படத்தாள்கள் தனி. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, தொல்லியல் துறைக்காக லாங்ஹர்ஸ்ட் 1928இல் எழுதிய பல்லவக் கட்டடக்கலை நூலின் இரண்டாம் பாகத்திலும் ஒளிப்படங்கள் தனித் தாள்களில்தான். ஒளிப்படத்தின் நுண்புள்ளிகள் வழவழப்பான ஆர்ட் பேப்பரில்தான் தெளிவாக விழும். எழுத்துக்குப் போடும் தாளில் மை பரவிவிடும். வாசகர் ஒரு விரலைப் பின்பக்கத்துப் படத்தில் வைத்துக்கொண்டு முன்பக்கத்தைப் படித்தார். அது சிரமம்தான். ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. தனித் தாளில் வரும் படத்துக்கு முழுப் பக்கமும் கிடைத்தது. நீளமான சிற்பத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார்கள். வாசகர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் பரவலாகப் பழகத் தொடங்கியது பிளாக் காலத்தில். ஓவியத்தையோ ஒளிப்படத்தையோ உலோகத் தகட்டில் படியவைத்து, அமிலத்தில் அரித்து, மரக்கட்டைமேல் அடித்துக் கொடுப்பார்கள். கட்டையோடு சேர்த்து அதன் உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, இருக்க வேண்டும். கோட்டோவியத்துக்கு லைன் பிளாக், ஒளிப்படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக். சாதாரணப் பத்திரிகைத் தாளில் ஹாஃப்டோன் பல நேரம் கறுப்பாக அப்பிக்கொள்ளும். பேனாக் கோடோ தெளிவாக நிற்கும். ‘ஆனந்த விகடன்’ இதழில் ஓவியர் ஸில்பி வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தமிழ் வீடுகளுக்குள் கோயில் சிற்பங்களைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு அவருடைய கைத்திறன் முதல் காரணம். அந்தக் காலத்துத் தாளோடு கோடு ஒத்துப்போனது இன்னொரு காரணம்.

பிளாக்கின் அளவைப் பிறகு மாற்ற முடியாது. சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கூலி. எனவே படத்தை அனுப்பும் முன்பே ஆசிரியர் கட்டுரையைப் படித்து, எந்தப் படம் பெரிது, எது சிறிது என்று தீர்மானித்து, ஓவியத்தின் பின்புறத்தில் அகலத்தைப் பென்சிலால் எழுதிக் கொடுப்பார். பிளாக் வந்து சேராவிட்டாலும் வேலை நிற்காது. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அந்த அளவுக்குக் கட்டைகளை வைத்து இடத்தை அடைத்துவிட்டு, சுற்றிலும் எழுத்தைக் கோத்துக்கொண்டே போவார். முதலில் இடம், பிறகு படம்.

சுற்றிக் கோப்பது எளிதான வேலையல்ல. 20 எம் (அச்சுக்கூடத்து அகல அளவு) அகலப் பத்தியில் 11 எம் பிளாக் வந்தால், நடுவில் 1 எம் இடைவெளி போக எழுத்துக்கு மிஞ்சுவது 8 எம். ‘பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ போன்ற ஒரு சொல்லே அந்த வரியைத் தின்றுவிடும். கம்பாசிட்டர் கவலைப்பட மாட்டார். தமிழ் அச்சின் பழைய வழக்கப்படி, சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம்; ஒட்டுக்கோடு கிடையாது. புள்ளி வைத்த மெய்யெழுத்து வரியின் முதலில் வரக் கூடாது என்பதைக் கவனித்தால் போதும். இதனால் எவ்வளவு குறுகிய சந்திலும் தமிழ் வரி ஒழுங்காக நின்றது. சுவடி எழுதியவர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. அவர்கள் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதினார்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றி மட்டும் எழுத்துப் படாமல் இடம் விட்டார்கள். கயிறு உரசி எழுத்து அழியக் கூடாதே! குறுக்கே நிற்கும் ஒன்றுக்காக எழுத்து விலகிப் போகும் கலை நமக்கு ஓலையிலேயே வந்துவிட்டது.

ஆஃப்செட் அச்சு வந்ததும் ஈயம் போய் ஃபிலிம் வந்தது. படத்தை வேண்டிய அளவுக்குச் சுருக்கி, விரித்து, பிளேடால் வெட்டி, பக்கத்தில் ஒட்டினார்கள். அந்தக் காலத்தின் பெரிய ஆபத்து, ஃபிலிமை இட வலம் மாறும்படி புரட்டி ஒட்டிவிடுவது. மாமல்லபுரத்தைப் பொறுத்தவரை இது சின்னக் குறையல்ல. கடற்கரைக் கோயிலைத் தெற்கிலிருந்து பார்த்தால் பெரிய விமானம் வலப்பக்கம், அதாவது கடல் பக்கம், இருக்கும். வடக்கிலிருந்து பார்த்தால் இடப்பக்கம். படம் புரண்டுவிட்டால் தெற்கு வடக்காகிவிடும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. மனித முகம் புரண்டால் சட்டைப் பொத்தான் காட்டிக்கொடுக்கும். கோயிலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இன்று ஒரு தட்டலில் படத்தைப் புரட்ட முடிகிறது. பக்கம் அழகாக வர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே புரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது.

1985இல் அல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை வெளியிட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டின் ஊர்தோறும் டிடிபி சென்டர்கள் முளைத்தன. கல்யாணப் பத்திரிகை முதல் கோயில் மலர் வரை எல்லாம் அங்கேதான். படத்தைச் சுட்டியால் இழுத்தால் எழுத்து தானாக விலகியது. இடைவெளி எவ்வளவு என்று எண்ணில் கொடுத்தால் போதும். கம்பாசிட்டரின் ஒரு நாள் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அவர் சொல்லை உடைத்த சாமர்த்தியம் அதில் இல்லை. சொல்லை உடைக்காமல் இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று கேட்டால், மென்பொருள் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடம் விடும். படத்தின் அருகே ஒரு வரியில் இரண்டே சொற்கள், இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. அந்தக் காலத்துச் சிறப்பு மலர்களைப் புரட்டினால் இந்தப் பள்ளங்களை எண்ணி மாளாது. ஆங்கிலச் சொல்லின் சராசரி நீளத்துக்குச் செய்த கருவி அது. தமிழின் ஒட்டுச் சொற்களுக்கு அந்தச் சந்து போதாது.

திரைக்கும் இதே கதைதான். 1990களில் இணையப் பக்கத்தில் படத்தைச் சேர்க்கும் குறியிலேயே இடமா வலமா, பக்கவாட்டில் எத்தனை புள்ளி (பிக்சல்) இடைவெளி என்று எழுதிவிடுவார்கள். பிறகு அந்த வேலை, பக்கத்தின் தோற்றத்தைத் தனியாகக் குறிக்கும் ஸ்டைல் ஷீட்டுக்குப் போனது. மேசைக் கணினியின் அகலத் திரையில் படம் ஓர் ஓரமாக நிற்க, எழுத்து சுற்றி ஓடியது. கைப்பேசி வந்து அதை முடித்துவைத்தது. அந்த அகலத்தில் படத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தை ஓடவிட்டால் வரிக்கு ஒரு சொல்தான் தேறும். ஆகவே எல்லாப் படமும் திரையின் முழு அகலத்துக்கு வருகிறது, ஒன்றன்கீழ் ஒன்றாக. அளவைத் தீர்மானிப்பது இப்போது திரை. கட்டுரையைப் படித்தவர் அல்ல.

இதனால் கிடைத்த நன்மைகளை மறுக்க மாட்டேன். வண்ணம் கிடைத்தது. விரலால் விரித்து உளித்தடம்வரை பார்க்க முடிகிறது. ஆர்ட் பேப்பருக்குக் காசில்லாத பத்திரிகைகள்கூட ஐம்பது படம் போடுகின்றன. ஆனால் சில வேலைகளை நாம் செய்தே ஆக வேண்டும். கேமராவிலிருந்து வரும் 4000 புள்ளி அகலப் படத்தை அப்படியே ஏற்றுவது வீண். கைப்பேசிக்கு 1200 புள்ளி அகலம் பெரும்பாலும் தாராளம். படத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே குறித்துவிட்டால், படம் வந்து சேரும்வரை திரை அதற்கு இடத்தை ஒதுக்கிவைத்திருக்கும். குறிக்காவிட்டால் படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதித்துவிடும். கம்பாசிட்டர் கட்டை வைத்து இடம் பிடித்த அதே வேலைதான்.

அளவை வாசகருக்கு உணர்த்த மனித உருவத்தைப் போல வேறொன்று கிடையாது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து எனும் பாறையின் முன் கை கோத்து நின்ற படம் உலகெங்கும் போனது. அந்தப் பாறை எவ்வளவு பெரிது என்று அன்று பலருக்கும் விளங்கியதற்குக் காரணம், கீழே இருவர் நின்றதுதான். அதே படத்தை முகத்துக்காக நெருக்கி வெட்டினால் பாறை வெறும் பின்னணிச் சுவர். அர்ச்சுனன் தபசுக்கும் இது பொருந்தும். ஆளில்லாத ‘சுத்தமான’ படத்தைத் தேடுவதை விட, முன்னால் ஒருவர் நிற்கும் படத்தை முதலில் போடுவது நல்லது. பிறகு பாறையைத் துண்டுகளாகக் காட்டலாம். எங்கே வெட்டினாலும் நடுப் பிளவை அறுத்துவிடக் கூடாது. நாகர்கள் இருக்கும் அந்தப் பிளவை நோக்கித்தான் இருபுறத்து உருவங்களும் திரும்பியிருக்கின்றன. யானைகள் பாறையின் வலப்பகுதியில் நின்று இடப்புறம் பார்க்கின்றன. தாளில் அச்சிட்டால் அந்தப் படம் பக்கத்தின் வலது ஓரத்தில் வர வேண்டும். அப்போதுதான் அவை எழுத்தைப் பார்த்து நிற்கும். இடது ஓரத்தில் வைத்தால் பக்கத்தை விட்டே வெளியேறப் பார்க்கும்.

படக்குறிப்பு எங்கே நிற்கிறது என்பதும் சின்ன விஷயமல்ல. இதே ஊரின் ஆதிவராகக் குகையில் அரச உருவங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே, படக்குறிப்பு போல, கிரந்த எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: ஒன்றில் சிம்மவிஷ்ணு, மற்றதில் மகேந்திரன். எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கலாம். ஆனால் விவாதம் அந்த இரண்டு பெயரைச் சுற்றித்தான். பெரிய பாறைச் சிற்பத்துக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. அர்ச்சுனன் தபசு என்று சொல்லிவந்ததை, கங்கை இறங்கிய கதை என்று 1914இல் கோலுபேவ் என்ற அறிஞர் எழுதினார். நூறாண்டு கடந்தும் வழக்கு முடியவில்லை. இன்றைய திரைக் கட்டுரைகளில் படக்குறிப்பு இருக்கிறது, ஆனால் மேலே உள்ள படத்துக்கும் கீழே வரும் பத்திக்கும் சரிபாதி தூரத்தில் மிதக்கிறது. எதற்குச் சொந்தம் என்று தெரிவதில்லை. குறிப்பு படத்தோடு நெருங்கி ஒட்டியும், அடுத்த பத்தியிலிருந்து அதைப் போல் இரண்டு மடங்கு விலகியும் இருந்தாலே குழப்பம் தீரும்.

தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. மகிஷாசுரமர்த்தினி குகையின் வடசுவரில் துர்க்கை சிங்கத்தின்மேல் பாய்ந்து வருகிறாள். எதிரே தென்சுவரில் திருமால் பாம்பணையில் துயில்கிறார். போரும் உறக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி சிற்பி அமைத்திருக்கிறார். பத்திரிகையின் நடுப்பக்கம் இதற்கென்றே செய்தது போல இருக்கும்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றது, நடுவே மடிப்பு. கைப்பேசியில் எதிரெதிர் என்பது கிடையாது. மேல், கீழ் மட்டும்தான். அங்கே செய்யக்கூடியது இவ்வளவே: இரண்டையும் ஒரே அளவில் வெட்டி, நடுவே ஒரு வரிகூட எழுதாமல், ஓர் இழை இடைவெளியில் அடுத்தடுத்து வைத்து, எந்தச் சுவர் எந்தத் திசை என்று குறிப்பில் சொல்லிவிடுவது.