தாத்தா ஏன் ரயில் ஏற மறுக்கிறார்?

திருநின்றவூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பேத்தி வீட்டு விசேஷம் என்றாலும் தாத்தா வர மறுக்கிறார். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரின் ஊர் அல்லவா? இவரும் மனத்துக்குள்ளேயே சென்னைக்குப் போய் வருகிறார் போலும்!

உண்மைக் காரணம் வேறு. அந்த வண்டியில் கழிப்பறை கிடையாது. தாத்தாவுக்கோ அரை மணிக்கொரு தரம் சிறுநீர் முட்டுகிறது. அதை வெளியே சொல்ல வெட்கம்.

இதற்குக் காரணம் ஆண்களுக்கு மட்டுமே உள்ள புராஸ்டேட் என்னும் சுரப்பி. இது சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கிறது. மணியின் நடுவே நூல் செல்வதுபோல, சிறுநீர்க் குழாய் இதன் நடுவே செல்கிறது. வாலிபத்தில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. எடை சுமார் 20 கிராம். முதுமையில் பல உறுப்புகள் சுருங்க, இது மட்டும் பருக்கிறது! அதுவும் முழுவதுமாக அல்ல. குழாயை ஒட்டிய சிறு பகுதிதான், அதாவது இளமையில் நூற்றுக்கு ஐந்து பங்கே இருந்த பகுதிதான், வளர்கிறது. குழாய் நெரிபடுகிறது. 60 வயதில் ஏறக்குறையப் பாதி ஆண்களிடம் இவ்வளர்ச்சி உண்டு. இது புற்றுநோய் அல்ல.

சிலருக்கு மட்டும் ஏன் மிகுதியாகப் பருக்கிறது? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1994-இல் குடும்பங்களை ஆராய்ந்தனர். 64 வயதுக்குள்ளேயே புராஸ்டேட் மிகவும் பருத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் சகோதரர்களுக்கும் தந்தையருக்கும், அச்சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு இருந்தது. ஆக, ஜீன்களுக்கும் இதில் பங்குண்டு.

இதற்கு முன்பே ஒரு துப்பு, யாரும் எதிர்பாராத இடத்தில் கிடைத்திருந்தது. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில், பெண் எனக் கருதி வளர்க்கப்பட்ட சில குழந்தைகள் பருவ வயதில் ஆண்களாக வளர்ந்தனர். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற பெண் மருத்துவர் இவர்களைப் பற்றி 1974-இல் எழுதினார். டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை மேலும் வீரியமுள்ளதாக மாற்றும் ஒரு என்சைம் இவர்களிடம் குறைவு. அதற்கான ஜீன் இரண்டாம் குரோமோசோமில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் இக்குறை தோன்றும். இவர்களுடைய புராஸ்டேட் ஆயுள் முழுதும் சிறியதாகவே இருந்தது!

அப்படியானால் அந்த என்சைமை மருந்தால் தடுத்தால் என்ன? அவ்வாறு பிறந்ததே ஃபினாஸ்டிரைடு. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதக்கணக்கில் உட்கொண்டால் சுரப்பி சற்றுச் சுருங்குகிறது. ஆனால் நம் தாத்தாக்களின் வீக்கத்தை அந்த ஒரே ஜீனின் தலையில் கட்டிவிட முடியாது. பல ஜீன்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்யும் வேலை இது.

தாத்தாவை ஒருவழியாக டாக்டரிடம் அழைத்துச் செல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் எடுக்குமுன் டாக்டர் கேட்கிறார்: "உங்க அப்பாவுக்கு இந்தத் தொந்தரவு இருந்ததா, ஐயா?"

தாத்தாவுக்குத் தெரியவில்லை. அவருடைய அப்பாவும் யாரிடமும் சொன்னதில்லை.