ஆறு பூனைகளில் தொடங்கிய குடும்பம்

நேயர்களே, ஒரு காட்டில் அழிந்துபோன விலங்கை மீண்டும் கொண்டுவர ஒரு சில ஜோடிகள் போதாதா? நானும் போதும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஐரோப்பாவில் ஸ்லோவேனியா நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே 'லின்க்ஸ்' என்ற பெரிய காட்டுப்பூனை வேட்டையால் அடியோடு அழிந்தது. 1973இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து மூன்று ஆண், மூன்று பெண் பூனைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகி குரோஷியா, போஸ்னியா வரை பரவின. பெரிய வெற்றி என்றே பேசப்பட்டது.

ஆனால், அந்த ஆறிலேயே சில நெருங்கிய இரத்த உறவு! வெளியிலிருந்து புதிய பூனை வர வழியில்லை. சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகியது.

விலங்குகளுக்கு மரபணு பெரும்பாலும் இரட்டையாக வருகிறது; தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது சமாளித்துவிடும். பெற்றோர் ஒரே குடும்பம் என்றால் அதே பழுது இரண்டு பக்கமிருந்தும் வரக்கூடும். (சொந்தத்தில் திருமணம் பேசும்போது டாக்டர்கள் எச்சரிப்பது இதைத்தான்.) ஸ்லோவேனியப் பூனைகளின் உறவு நெருக்கமோ, அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஈன்ற குட்டிகளின் அளவையே எட்டிவிட்டது. எண்ணிக்கையும் சரிந்தது.

2019இல் ருமேனியாவிலிருந்து 'கோரு' என்ற ஆண் பூனை வந்தது. பின்னர் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் சில வந்தன. கோரு அங்கிருந்த பெண் பூனையுடன் சேர்ந்து குட்டிகளுக்குத் தந்தையானது. 1973க்குப் பின் அந்தக் குடும்பத்தில் கலந்த முதல் புது இரத்தம். இதற்கு ஏன் 46 ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.