இனி சக்கரத்தின் மேல் குடித்தனம்

வீட்டை விற்றுவிட்டு வண்டியில் குடியேறும் அமெரிக்கத் தம்பதிகள் புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய. கவலைப்பட வேண்டியதும்தான்.

'வீடு விற்பனைக்கு' என்ற பலகையை வாசலில் நடுவது சுலபம். சாப்பாட்டு மேஜையை என்ன செய்வது என்பதில்தான் தகராறு ஆரம்பிக்கிறது. எட்டுப் பேர் உட்காரும் தேக்கு மேஜை. மகன் இருப்பது சின்ன ஃபிளாட், அவனுக்கு வேண்டாம். மகளுக்கும் வேண்டாம். சனிக்கிழமை கராஜில் பரப்பி வைத்தால் வாங்கிய விலையில் கால்பங்குகூடத் தேறாது. கணவருக்கு 62, மனைவிக்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஏதாவது ஒரு புறநகரில் இந்தக் காட்சி நடக்காத வாரம் இருக்காது.

வீட்டைக் கொடுத்துவிட்டு மோட்டார் வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியேறுபவர்களுக்கு அங்கே 'முழுநேரக்காரர்கள்' என்று பெயர். விடுமுறைக்கு நாலு நாள் வண்டியில் போய்வருகிறவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: இவர்களுக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது.

எல்லோரும் ஊர் சுற்றும் ஆசையில் கிளம்புவதில்லை. 2008-ன் பொருளாதாரச் சரிவில் சேமிப்பையும் வீட்டையும் இழந்து, வாடகை கட்டுப்படியாகாமல் வண்டிக்கு மாறியவர்கள் பலர். அவர்களைப் பற்றித்தான் பத்திரிகையாளர் ஜெசிகா புரூடர் 2017-ல் 'நோமேட்லேண்ட்' நூலை எழுதினார். அதை வைத்துக் குளோயி ஜாவ் இயக்கிய படம் 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. அமேசான் கிடங்குகளில் பண்டிகைக் கால வேலை, இலையுதிர் காலத்தில் வடக்கு டகோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடை என்று வேலை இருக்கும் இடத்துக்கு வீட்டோடு போனவர்கள் இவர்கள். அமேசானின் அந்தத் திட்டம் இன்று இல்லை. கிழங்கு அறுவடை தொடர்கிறது. சினிமா பார்த்துவிட்டுக் கனவு காண்கிறவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

வண்டிகளில் பல ஜாதி. பஸ் மாதிரி தானே ஓடும் மோட்டார் ஹோம், பிக்கப் டிரக் இழுத்துச் செல்லும் டிரெய்லர், ஆள் நிமிர்ந்து நிற்க மட்டும் இடமுள்ள வேன். எதுவானாலும் அகலம் எட்டரை அடியைத் தாண்ட முடியாது, சாலை விதி. அதற்குள் படுக்கை, அடுப்பு, ஃபிரிஜ், கழிவறை. பெரிய வண்டிகளில் பக்கச் சுவரே இழுப்பறை போல வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்குகிறது. வாங்குகிறவர் சோபாவைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது எடையை.

ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் விதித்த எடை வரம்பு உண்டு. 50 காலன் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 190 கிலோ. வார்ப்பிரும்புச் சட்டி, கணவரின் கருவிப் பெட்டி, மனைவியின் புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாக ஏறினால் வரம்பு எப்போது தாண்டியது என்றே தெரியாது, டயர் வெடிக்கும்வரை. அதனால் சாமான் ஏற்றியபின் லாரிகள் நிற்கும் இடத்திலுள்ள எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பார்ப்பது அனுபவசாலிகள் வழக்கம். டயரிலும் ஒரு சூட்சுமம்: இந்த வண்டிகளின் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும்.

அப்புறம் தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. மூன்றாவது தொட்டியைக் குழாய் மாட்டிக் காலி செய்வது தம்பதியில் யார் வேலை என்பதைக் கிளம்பும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது. புதியவர்கள் செய்யும் தவறு, அதன் வால்வை எப்போதும் திறந்தே வைப்பது. நீர் மட்டும் ஓடிப்போய் மற்றது அடியில் இறுகிவிடும். பிறகு படும் பாட்டை விவரிக்காமல் விடுவதே நாகரிகம். வாளித் தண்ணீரை அளந்து குளிப்பது சென்னைவாசிக்குப் புதிதல்ல. ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடியே பழகிய அமெரிக்கருக்கு அது பெரிய பாடம்.

ஆனால் உண்மையான சிக்கல் வண்டியில் இல்லை. காகிதத்தில். வீடு போனதும் முகவரியும் போய்விடுகிறது. முகவரி இல்லாவிட்டால் ஓட்டுநர் உரிமம் இல்லை, வண்டிப் பதிவு இல்லை, காப்பீடு இல்லை, ஓட்டு இல்லை. ரேஷன் கார்டுக்கு அலைந்தவர்களுக்கு இது புரியும்.

இதற்கு வழி கண்டுபிடித்ததே ஒரு தம்பதிதான். ஜோ பீட்டர்சன் எலக்ட்ரீஷியன், மனைவி கே நர்ஸ். 1970-ல் டிரெய்லரில் ஏறியவர்கள். கே பத்திரிகையில் எழுதியதைப் படித்து மற்ற முழுநேரக்காரர்கள் கடிதம் போட, 1978-ல் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கம் உருவானது. டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அதன் தலைமையகம். உறுப்பினர்களின் கடிதங்கள் எல்லாம் அங்கே வந்து, அவர்கள் அந்த வாரம் எங்கே நிற்கிறார்களோ அங்கே போகின்றன. கடிதக் கூட்டம் பெருகி, தனி அஞ்சல் குறியீட்டு எண்ணே ஏற்பட்டது. அந்த ஊரில் ஒரு வாரம்கூடத் தங்காதவர்கள் எல்லாம் காகிதத்தில் லிவிங்ஸ்டன்வாசிகள்.

தெற்கு டகோட்டா இன்னும் தாராளம். அஞ்சல் பெட்டி முகவரியும் ஒரே ஒரு இரவு அங்கே தங்கியதற்கான ரசீதும் இருந்தால் ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிடும். இந்த இரண்டு மாநிலங்களுக்கும் புளோரிடாவுக்கும் இவர்கள் மொய்ப்பதற்கு வெளிப்படையான காரணம் ஒன்று உண்டு: மாநில வருமான வரி கிடையாது. ஆனால் வாக்குரிமை வேறு சங்கதி. வாக்காளராகப் பதிய 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்று 2023-ல் தெற்கு டகோட்டா சட்டம் போட்டது. உள்ளூர்க்காரர்களின் எரிச்சலிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் இல்லாதவர்கள் ஊரின் முடிவைத் தீர்மானிப்பதா?

அடுத்தது உடம்பு. 65 வயதானால் அரசின் மெடிகேர் உண்டு. அதன் மூல வடிவம் நாடு முழுக்கச் செல்லும். தனியார் கம்பெனிகள் நடத்தும் மாற்று வடிவம் பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டார மருத்துவர்களோடு சரி. நம் தம்பதிக்கு 62-ம் 60-ம். தாங்களே வாங்கும் காப்பீடுகள் பலவற்றில், அவசர சிகிச்சை தவிர மற்றவற்றுக்குச் சொந்த மாநிலம் திரும்ப வேண்டும். அரிசோனாவில் நிற்கும்போது முழங்கால் வலித்தால் டெக்சாஸ் போக வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மூன்று ஆண்டு தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு.

குளிர்காலத்தில் கூட்டம் தெற்கே இறங்குகிறது. அரிசோனா பாலைவனத்திலுள்ள குவார்ட்சைட் ஊருக்கு வெளியே, அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். அதற்கு மொத்தம் 180 டாலர் என்பது பல ஆண்டுகள் மாறாமல் இருந்த கட்டணம். மின்சாரம், குழாய் இரண்டும் வண்டிவரை வராது, சோலார்தான். அந்த ஊரின் கல்லறையில் பிரமிடு வடிவ நினைவுச்சின்னம் ஒன்று, உச்சியில் உலோக ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது கூட வந்த ஹாஜி அலிக்கானது. வாயில் நுழையாத பெயரை உள்ளூர்க்காரர்கள் 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். நாடோடிகள் கூடும் ஊருக்குப் பொருத்தமான காவல் தெய்வம்.

திரும்பி வர நேர்ந்தால்? வீட்டின் விலை ஏறிக்கொண்டிருக்கும், வண்டியின் விலை இறங்கிக்கொண்டிருக்கும். பத்தாண்டு கழித்து வண்டியை விற்ற பணத்தில் பழைய தெருவில் கராஜ்கூட வாங்க முடியாது. விவரமானவர்கள் வீடு விற்ற பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்கிறார்கள். ஓட்ட முடியாத வயதில் என்ன செய்வது என்பதற்கும் லிவிங்ஸ்டனில் பதில் இருக்கிறது: முதியோர் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் பராமரிப்பும் பெற அங்கே ஒரு மையம் நடக்கிறது.

அதற்கு முன்னால் நடுவழியில் ஒரு கேள்வி. 40 அடி வண்டியைக் கணவர்தான் ஓட்டுகிறார். நெடுஞ்சாலையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தால்? அதனால்தான் பயிற்சி முகாம்களில் மனைவிமாரும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். டெக்சாஸில் 26,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வண்டிக்குத் தனி வகுப்பு உரிமம் வேறு வாங்க வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறப்பதற்கு முன், ஷாப்பிங் மாலின் காலி வாகன நிறுத்துமிடம். நாலு ஆரஞ்சு நிறக் கூம்புகள். பின்னால் நின்று கணவர் கையை ஆட்டுகிறார். அவர் வலது என்பது கண்ணாடியில் இடதாகத் தெரிகிறது. ஒரு கூம்பு விழுகிறது. மனைவி எஞ்சினை நிறுத்துகிறார், இறங்குகிறார், கூம்பை எடுத்து நிறுத்துகிறார். கணவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஏறி உட்காருகிறார்.