மூன்றாம் முறை ஏமாறும் தண்ணீர்

ஆரணியில் ஒரு போர்வெல் தண்ணீரின் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கத்தக்கது என்று வகுத்த உச்ச அளவு அது. அதில் ஒரு லிட்டரும், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு லிட்டரும் எடுத்து, இரண்டிலும் 2 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் என்ன ஆகும்? காய்ச்சி வடித்த தண்ணீரின் பிஎச் 7-லிருந்து 2.7-க்கு விழுந்துவிடும். போர்வெல் தண்ணீர் 6.4-ஐ ஒட்டி நின்றுகொள்ளும்.

தாங்கிப் பிடிப்பது பைகார்பனேட். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. அந்த மென்மையான அமிலம் மண்ணிலும் பாறையிலும் உள்ள தாதுக்களை மெல்லக் கரைத்துப் பைகார்பனேட்டைச் சேர்க்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதன் மூலமும் இதுதான். அமிலம் வந்தால் பைகார்பனேட் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாகிறது; காரம் வந்தால் கார்பானிக் அமிலம் முன்னே வருகிறது. நம் ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்பதிலும் இந்த ஜோடிக்குப் பெரும் பங்கு உண்டு.

பள்ளிப் பாடத்தில் இதற்குப் பெயர் தாங்கல் கரைசல். ‘அமிலமும் அதன் உப்பும்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் பரீட்சையில் இடறுவது இங்கேதான். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் குளோரைடும் அமிலமும் உப்பும்தான். ஆனால் குளோரைடு ஹைட்ரஜன் அயனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது, ஆகவே தாங்கல் இல்லை. மாறாக, 0.2 மோல் அசிட்டிக் அமிலத்தில் 0.1 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால், உப்பென்று எதையும் போடாமலே தாங்கல் கரைசல் கிடைக்கும். பாதி அமிலம் அசிட்டேட்டாகிவிடும், பாதி அப்படியே இருக்கும். காரத்தையும் 0.2 மோலாக்கினால் அமிலம் மிஞ்சாது, தாங்கலும் போயிற்று. எதைக் கலந்தோம் என்பதைவிட, வினை முடிந்தபின் குடுவையில் எது மிஞ்சியது என்று பார்ப்பதே சரியான வழி.

மறுபடி நம் போர்வெல் தண்ணீர். கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் மூடி வைத்து, இன்னொரு 2 மில்லிமோல் அமிலம் விட்டால் பிஎச் 4.4 அளவுக்கு வரும். பைகார்பனேட் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருக்கும். மூன்றாம் முறையும் அதே அளவு விட்டால் நேராக 2.7. அதே அமிலம், அதே அளவு. முதல் முறை மட்டும் மீட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டி போலத் தொழிற்சாலைகள் நெருங்கிய பகுதிகளில் இது வெறும் பாடக்கணக்கு அல்ல. ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரின் பிஎச் 5.5 முதல் 9 வரை இருக்கலாம் என்பது விதி. ஆனால் அமிலம் கலந்த தண்ணீரும், பைகார்பனேட்டைப் பறிகொடுத்தபடியே, இந்த எல்லைக்குள் அடங்கி நிற்கும். அதனால்தான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பிஎச்சோடு காரத்தன்மையையும் தனியாக அளக்கிறார்கள். மெத்தில் ஆரஞ்சு சில துளிகள் விட்டு, மஞ்சள் நிறம் ஆரஞ்சாகத் திரும்பும்வரை பியூரெட்டிலிருந்து அமிலம் சொட்டவிட்டு, எவ்வளவு செலவானது என்று குறித்துக்கொள்கிறார்கள்.